கம்பவுண்டர் சொல்லாமல் விட்ட பெயர்

செய்தியைக் கொண்டுவந்தவர் பேப்பர் லோடு இறக்க வந்த வண்டிக்காரர். நான் அச்சகத்தில் காலண்டர் புரூப் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, ஆனைக்குட்டத்துல நம்ம கம்பவுண்டர் தவறிட்டாராம். மூணு நாளாக் காய்ச்சலாம்" என்றார். எந்தக் கம்பவுண்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லாமல் கம்பவுண்டர் என்றால் அது தேவசகாயம் ஒருவர்தான். அதற்கு மேல் அந்தப் புரூப்பில் என் கண் நிற்கவில்லை. காலண்டர் தப்போடுதான் அச்சாயிற்று.

விஸ்வநத்தம் தர்ம மருந்தகத்தார் அவர் நினைவாகச் சிறு மலர் போடுகிறார்கள். பதினைந்து வருடப் பழக்கம் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் முன்னால் பாட்டிலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அங்கே மருந்து இலவசம், பாட்டில் நம்முடையது. தேங்காய் எண்ணெய் பாட்டில், இங்க் பாட்டில், கழுத்து உடைந்த சாராய பாட்டில் என்று எது வந்தாலும் வெந்நீரில் அலசி, மருந்தை ஊற்றி, பக்கத்தில் ஒரு நீளத் தாளை ஒட்டுவார். தாளின் ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களும் தப்பாமல் குடிக்க அந்த வெட்டுத்தான் கணக்கு. குழந்தை மருந்துக்கு வெள்ளைத் தாள், பெரியவர்கள் மருந்துக்குச் சிவப்புத் தாள்.

பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நெஞ்சுச் சளி கூடப் பிறந்தது மாதிரி. அதற்கு அவர் கலந்து கொடுத்த மருந்தில் சளியை இளக்குவதும் இருந்தது, இருமலைக் கொஞ்சம் தணிப்பதும் இருந்தது. தணிக்கிற சரக்குக்குத் தூக்கம் வரும். சுடலை என்றொரு தொழிலாளி, சீக்கிரம் குணமாகட்டும் என்று மூன்று நாள் மருந்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குப் போய், கரிமருந்து சலிக்கிற அறை வாசலிலேயே கண் அசந்துவிட்டார். போர்மேன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏலே, இது என்ன கலர் சோடாவாலே?" என்று கம்பவுண்டர் எகிறினார். "சளி உள்ள இருக்குது. அது வெளிய வரணும்னா நீ இருமித்தான் ஆகணும். இருமலை அம்புட்டையும் அமுக்கிப்புட்டா சளி எங்கனலே போவும்? நெஞ்சுக்குள்ளதான் கெடக்கும். இது ரெண்டு மருந்து சேந்தது. சேந்த மருந்துன்னா ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும். கடையில வாங்குன இருமல் மருந்தையும் இதோட சேத்துக் குடிக்காதே. குடிச்சிட்டுத் தூக்கம் வந்தா வேலைக்குப் போகாதே."

மூன்று வாரமாகியும் இருமல் நிற்காதவர்களுக்கும், சளியில் ரத்தம் கண்டவர்களுக்கும் அவர் பாட்டிலே நிரப்ப மாட்டார். "எங்கிட்ட ஏன் வந்தீக? விருதுநகர் ஆசுபத்திரிக்குப் போயி நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்க" என்று விரட்டுவார். அவரைக் கடுவன் பூனை என்று திட்டியபடி போய், அதனால் உயிர் பிழைத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இனி எழுதப்போவது இந்த மலருக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. பொருந்தாவிட்டாலும் எழுதித்தான் தீர வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் பட்டாசு லேபிள்கள் அடிக்கும்போது நிறம் விலகிப்போன தாள்கள் நிறைய மிஞ்சும். கிளி, மயில், ரோஜாப்பூ என்று பளபளப்பான படங்கள். அதில் ஒரு கட்டு மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன், அழாமல் மருந்து குடிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று. கம்பவுண்டருக்குச் சந்தோஷம். ஆனாலும் சொன்னார்: "அச்சாபீஸ்காரரே, நீங்களே உக்காந்து குடுங்க. ஒண்ணே ஒண்ணு. இதை மருந்து பாட்டில்ல ஒட்டக் கூடாதுன்னு ஒவ்வொருத்தருட்டயும் சொல்லிக் குடுங்க. நம்ம சனங்களுக்குப் பசைக்கையி. எதுல வேணும்னாலும் ஒட்டிப்புடுவாக." அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிற ஊரில் பசைச்சட்டி காயாது. கதவு, தகரப் பெட்டி, பானை மூடி எல்லாவற்றிலும் எங்கள் கிளியும் மயிலும் இருந்தன.

நான் "சரி, சரி" என்றேன். முதல் நாலைந்து பேருக்குச் சொன்னேன். பிறகு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு மொய்த்தார்கள், எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. சும்மா கொடுத்துக்கொண்டே போனேன்.

பேச்சியம்மாள் தன் மூன்று வயது மகள் செல்லக்கனியோடு வந்திருந்தாள். பேச்சி பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். தாய்க்கும் பிள்ளைக்கும் நெஞ்சு நிறையச் சளி. ஒரே மாதிரி இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் சிவப்புத் தாள், ஒன்றில் வெள்ளைத் தாள். குழந்தை இரண்டு கிளி கேட்டாள், அம்மாவுக்கும் ஒன்று வேண்டுமாம். கொடுத்தேன். பாட்டிலில் ஒட்டாதே என்று சொல்லவில்லை.

வீட்டில் பிள்ளையின் பிடிவாதத்துக்காகப் பேச்சி இரண்டு பாட்டிலிலும் கிளியை ஒட்டினாள். வெட்டுத்தாள் இரண்டும் அடியில் போய்விட்டன. தீபாவளிச் சீசன், விடியுமுன்னே வேலைக்குக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் பெரியவர்களுக்கான மருந்தைக் குழந்தைக்கு ஊற்றினாள், மாமியாரிடமும் அதே பாட்டிலைக் காட்டிவிட்டுப் போனாள். இருமல் நின்றது. பிள்ளை தூங்கினாள். தூங்கினால் குணமாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருந்து தீரவும் பேச்சி கிளி ஒட்டிய அந்தப் பாட்டிலையே கொண்டுவந்து கம்பவுண்டரிடம் நீட்டி, "இதுல இருந்த அதே மருந்துய்யா" என்றாள். அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. தாள் தெரியவில்லை என்பதை அவர் பார்த்தார், நாளைக்கு உரித்துக்கொள்ளலாம் என்று, அடியில் மிஞ்சியதை மோந்து பார்த்துப் பெரியவர்கள் மருந்தையே நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பிற்பகல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சி ஓடிவந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இருமத் தெம்பில்லாத நெஞ்சுக்குள் சளி அடைத்துக் கிடந்தது. கம்பெனி லாரியில் விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். ஆமத்தூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பாட்டிலை உரித்தபோதுதான் கிளிக்கு அடியில் சிவப்புத் தாள் இருந்தது தெரிந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, பேச்சி வீட்டு முன்னால் கூட்டம். மருந்தை மாற்றிக் கொடுத்துப் பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று மாமியார் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் நடுவில் போய் நின்றார். "தப்பு எம்மேல. தாளு தெரியாத பாட்டில்ல நான் மருந்து ஊத்தியிருக்கக் கூடாது. நான் உரிச்சிருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும். அவளை ஏசாதீக" என்றார். நான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தேன். கூட்டம் கலையுமுன் அச்சகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மருந்தகப் பொறுப்பாளர்களிடமும் அதையே எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் மருந்து கலக்கும் வேலையிலிருந்து அவரை நிறுத்தி, புண்ணுக்குக் கட்டுப்போடுகிற வேலை கொடுத்தார்கள். நான் அவரிடம் போய், "நான் சொல்லாம விட்டதைச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்வாரென்ற நம்பிக்கையில்தான் கேட்டேன். "உங்க பேரு எதுக்கு? ரெண்டு பேரு தலை குனிஞ்சா மட்டும் புள்ள எந்திரிச்சு வருமா?" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

மறுபடி மருந்து கலக்க வந்தபிறகு அவர் யாரிடமும் எகிறவில்லை. வருகிற பாட்டிலில் என்ன ஒட்டியிருந்தாலும் ஊறவைத்து நகத்தால் சுரண்டுவார். "யாருக்கு, எத்தனை பல்லு, எத்தனை வேளை? நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்" என்பார். வாங்குபவர் திருப்பிச் சொன்ன பிறகே கையை விடுவார். சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆனைக்குட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் போய், கிளிப்படம் கொடுத்ததையும், சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். திட்டுவாள், அல்லது போனது போகட்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் புதுக்குழியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கம்பவுண்டர் அய்யா அன்னைக்கு எம்புட்டோ சொன்னாக அண்ணாச்சி. ஒருத்தரும் நம்பலே. நல்ல மனுசன், எனக்காகப் பழிய ஏத்துக்கிடுதாகன்னுட்டாக. என்னைய வீட்டை விட்டு அனுப்பிட்டாக. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா நம்பியிருப்பாக."

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

அவர் என்னைக் காப்பாற்றியதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதற்கு விலை கொடுத்தவள் பேச்சி. தேவசகாயத்திடமிருந்து எனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால், நாலு பேர் நடுவில் போய் நின்று "தப்பு எம்மேல" என்று சொன்ன அந்தக் குரலைத்தான் கேட்பேன். அவருக்கு அது அன்றைக்கே வந்தது. எனக்கு அவரைக் குழியில் இறக்கிய பிறகுதான் வருகிறது.

அந்த மாமியார் விஸ்வநத்தத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கம்பவுண்டர் சொன்னது பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்டது என் பெயரை மட்டும்தான். பேச்சியம்மாள் தன் பிள்ளையைக் கொல்லவில்லை.