சர்க்கரை கொண்டுபோன சேதிகள்

எங்கள் இரண்டு ஊர்க் கூட்டுச் சங்கத்தின் வேன் டிரைவரை எல்லோரும் 'சர்க்கரை' என்றுதான் கூப்பிடுவார்கள். வியாதியால் வந்த பேரில்லை, வாயால் வந்தது. இரண்டு ஊரிலும் சரக்கை எடை பார்க்கக் கூடவே போகிறவள் நான். அந்த வாயின் அட்டகாசம் அத்தனையும் எனக்கு அத்துப்படி.

ஒரு ஊரில் மிஞ்சியதை இன்னொரு ஊரின் பள்ளிச் சமையற்கூடத்துக்குக் கொண்டுசேர்ப்பதுதான் சங்கத்தின் வேலை. மேட்டு ஊரிலிருந்து உருளைக்கிழங்கு கீழே இறங்கும். ஏரிக்கரை ஊரிலிருந்து மீன் ஐஸ் பெட்டியில் மேலே ஏறும். வேன் ஒருநாள் வராவிட்டால் மதியம் பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சிதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஏரிக்கரைச் சங்கத் தலைவர் அண்ணன், மேட்டு ஊர்த் தலைவி அவருடைய கூடப்பிறந்த தங்கை. பத்து வருஷமாகப் பேச்சு கிடையாது. "நாளைக்கே நிறுத்திடுவேன்" என்று இருவரும் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வார்கள்.

"கிழங்கை அனுப்பச் சொன்னா வயலையே அனுப்பியிருக்கா. பாதி மண்ணு! போய்ச் சொல்லு அவகிட்ட," என்று அண்ணன் கத்துவார். சர்க்கரை மேலே போய்க் கூசாமல் சொல்வார்: "கிழங்குன்னா உங்க ஊர்க் கிழங்குதானாம்மா. பிள்ளைங்க தட்டை வழிச்சு நக்குதாம்."

"மீனா இது? பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்," என்பார் தங்கை. அது கீழே போய்ச் சேரும்போது, "மீனைப் பார்த்ததும் உங்க ஞாபகம் வந்து கண்ணு கலங்கிட்டாங்க ஐயா" என்று ஆகியிருக்கும்.

"மாட்டுனா தோலை உரிச்சிடுவாங்க, அண்ணே," என்பேன் நான் சர்க்கரையிடம்.

"அதுவரைக்கும் பிள்ளைங்க சாப்பிடட்டுமே."

வேன் ஓடத் தொடங்கிய மூன்றாம் வருஷம், இரண்டு ஊருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டம் வந்தது. இரண்டு தலைவர்களும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை சர்க்கரை கழிப்பறைக்கே மூன்று நடை ஓட்டினார்.

கூட்டத்தில் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "என் மீனைப் பார்த்துக் கண் கலங்குனியாமே?"

"நானா? நாறுதுன்னு இல்ல சொல்லி அனுப்புனேன்!"

சர்க்கரை எழுந்து கும்பிட்டுவிட்டார். "எல்லாம் நான் விட்ட புளுகுங்க. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. வண்டியை மட்டும் நிறுத்திடாதீங்க."

"உக்காருய்யா," என்றார் தங்கை. "எங்க அண்ணன் வாயில நல்ல வார்த்தை வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீ புளுகுறேன்னு முதல் லோடுலயே தெரியும்."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் கேட்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவே. காதுக்கு நல்லா இருந்துச்சு."

அண்ணன் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். வெகுநேரம் தேடினார். ஒருவழியாக இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிளம்பும்போது தங்கை, எதிரே இருந்த அண்ணனைப் பார்க்காமலே சர்க்கரையிடம் சொன்னார்: "இளைச்சுப் போயிட்டாரு. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

சர்க்கரை திரும்பி, மூன்றடி தூரத்தில் நின்றவரிடம், அதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார்.