பொருந்திப்போன கொடுக்கு

தெருவில் எல்லாருக்கும் அவள் இறால் டீச்சர். ஒருநாளும் எந்தப் பிள்ளைக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவள் இல்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாக ஒரு பெண் காலையில் வேலைக்குக் கிளம்பினால் தெரு வேறென்ன பட்டம் கொடுக்கும்? வேலை என்னவோ மியூசியத்தில். ஜனங்கள் வந்து பார்க்கிற முன்கூடத்தில் அல்ல, அதற்குப் பின்னால், ஸ்பிரிட் நெடி மூக்கைத் துளைக்கிற ஒரு நீள அறையில். அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிகளுக்குள் சேற்றில் வளை தோண்டி வாழும் இறால்கள். வெளுத்துப்போன மெல்லிய உடம்பு. முன்னால் ஒரு கொடுக்கு பெரிதாக இருக்கும். இன்னொன்று ஏதோ பேருக்கு இருக்கட்டும் என்று ஒட்டிவைத்தது போலச் சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றும் எந்த இனம் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. இதைச் சொன்னதும் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: சாப்பிடலாமா? யாரும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு இறால் மேல் இருந்த மரியாதையும் அவள் மேல் இருந்த மரியாதையும் சேர்ந்தே போய்விடும்.

கணவர் பிளம்பர். வளை இறாலை மண்வெட்டி போட்டுப் பிடிக்க முடியாது. நாம் தோண்டத் தோண்ட அது கீழே போய்க்கொண்டே இருக்கும். வளை வாயில் வைத்துச் சேற்றோடு உறிஞ்சி எடுக்க ஒரு கைப்பம்பு வேண்டும். மியூசியம் வாங்கிக் கொடுத்த பம்பு சீக்கிரமே பல்லிளித்துவிட்டது. பிளம்பர் ஒரு பிவிசி குழாய், ஒரு கம்பி, இரண்டு ரப்பர் வாஷரை வைத்து ஒன்று செய்து கொடுத்தார். அது இன்றுவரை மக்கர் பண்ணியதில்லை. விடுமுறை நாளில் மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனால் இவர்கள் கழிமுகத்துச் சேற்றுக்குப் போவார்கள். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் மாமியாருக்குத்தான். அவர் தையல்காரி. வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் மருமகளின் சேறு படிந்த காலணியைக் காட்டிப் புலம்புவார். குழியில் கிடப்பதைக் கிளறி எடுத்து இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறது என்பார். வெடுக்கென்று பேசுவார், ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். அதனால் மருமகளும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். என்றாலும், தன் வேலையை வீட்டில் ஒருவர் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை என்பது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த இறால் வந்தது. இந்த இறால்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஸ்பிரிட்டில் போட்டால் பெரிய கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிடும். அதனால்தான் ஒரு குப்பிக்கு ஓர் இறால் என்பது அந்த அறையின் சட்டம். அன்று சேற்றில் குப்பிகள் தீர்ந்துபோயின, மழையும் பிடித்துக்கொண்டது. சட்டம் பேசும் அவளே எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் கொட்டி மூடிக்கொண்டு ஓடி வந்தாள். மறுநாள் பார்த்தால் உடம்புகள் ஒரு பக்கம், கழன்ற கொடுக்குகள் ஒரு பக்கம். அதில் ஒரு கொடுக்கு, விளிம்பில் கொக்கி போல வளைந்த பல்லோடு, அவள் எந்தப் புத்தகத்திலும் பார்க்காதது. அதை ஒரு பெரிய உடம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். அளவு பொருந்தியது, நிறம் பொருந்தியது, எல்லாவற்றுக்கும் மேலாக அவள் ஆசை பொருந்தியது. புது இனம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

புது இனத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் கௌரவக் குறைச்சல். அடுத்தவர் பெயரை வைக்கலாம். அவள் மாமியார் பெயரை வைத்தாள். விஷயத்தைச் சொன்ன அன்று மாமியார் மெஷினையே நிறுத்திவிட்டார். பிறகு உச்சி குளிர்ந்து போய், துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், வழி கேட்டு வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் தம்பட்டம் அடித்தார். சேற்றுக் காலணி பற்றிய புலம்பல் போன இடம் தெரியவில்லை. பல வருஷமாக வாங்க முடியாத ஒன்று இப்படிக் கைக்கு வந்ததில் மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை.

புது இனத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்தவர் கடல் கடந்து எங்கோ இருந்த இன்னொரு இறால் பைத்தியம். பாராட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தக் கொடுக்கு அந்த உடம்பில் ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? அவள் பார்த்ததில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. எழுதவும் உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. கடைசியில் கணவரிடம் பம்பை எடுக்கச் சொன்னாள்.

எதற்குப் போகிறார்கள் என்று தெரியாமலே, தன் இறாலை உயிரோடு பார்க்க வேண்டும் என்று மாமியாரும் ஒற்றைக்காலில் நின்றார். மடக்கு நாற்காலி, குடை சகிதம் கிளம்பிவிட்டார். கழிமுகத்தில் ஓதம் வற்றித் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பிளம்பர் வளை வளையாக உறிஞ்சிச் சல்லடையில் கொட்ட, அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதலில் அந்தப் பெரிய உடம்புக்காரன் வந்தான், கொடுக்கோடு. வழுவழுவென்ற கொடுக்கு, பல் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த பழைய இனம். தற்செயலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இன்னும் நாலைந்து எடுத்தாள். எல்லாம் அதே வழுவழு. கடைசியாகக் கொக்கிப் பல் கொடுக்கு வந்தது, வேறொரு சின்ன உடம்பில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு. அதுவும் புதிது இல்லை. பெண் இறாலை மட்டும் பார்த்து யாரோ என்றைக்கோ எழுதிப் பெயர் வைத்துவிட்ட இனத்தின் ஆண். அந்த ஆணை யாரும் எழுதி வைக்காததால் கொடுக்கு அவளுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கிறது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு மாமியாரிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு சட்டைக்கு இன்னொரு சட்டையோட கையை வச்சுத் தைச்சிருக்க," என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"அப்ப என் பேரு?"

"இல்ல அத்தை."

மாமியார் குடையைக் கைமாற்றிக்கொண்டார். "நீ பேசாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இப்போதைக்குத் தெரியாது. என்னைக்காவது யாராவது தோண்டிக் கண்டுபிடிப்பாங்க. அப்பவும் பேரை அழிக்க மாட்டாங்க. செல்லாத பேருன்னு சொல்லி அப்படியே வச்சிருப்பாங்க."

"எத்தனை காலத்துக்கு?"

"எப்பவும்."

பிளம்பர் பம்பைப் பிடித்தபடி அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கை நுழைக்கும் ஆள் இல்லை அவர்.

"ஊரெல்லாம் சொல்லித் தொலைச்சுட்டேன்," என்றார் மாமியார்.

"தெரியும் அத்தை. அதான்..."

"எதுக்கு இப்ப அழற? நான் பிரிச்சுத் தைக்காத துணியா? தெருவுல நானே சொல்லிக்கறேன், என் மருமக தப்பாத் தைச்ச கையை அவளே பிரிச்சுட்டான்னு. அதுவும் யாரும் பிரிக்கச் சொல்லாம."

என் மருமகள் என்று இதற்கு முன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் திட்டுவதற்கு. இன்று அதைச் சொன்ன விதத்தில் அவள் கண்ணைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

மாமியார் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஒரு வளையை எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள யாரு?"

"தெரியாது அத்தை. இன்னும் பாக்கல."

"டேய், பம்பை இப்படிக் குடு," என்றார் மகனிடம்.