குக்கர் டீச்சரின் பாடம்

பள்ளியில் அவருக்குப் பேர் குக்கர் டீச்சர். பள்ளி மூடிக் கிடந்த வருஷம், அழுத்தம் பற்றிய பாடத்தைத் தன் வீட்டு அடுப்படியிலேயே நடத்திப் படம் பிடித்து அனுப்பினார். குக்கரைப் பற்றிச் சொல்லும்போதே அது விசில் அடித்தது. "பாத்தீங்களா, பேரச் சொன்னதும் ஆஜர்!" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. அந்த வருஷத்து இயற்பியல் முழுக்க அந்த அடுப்படியில்தான் பிறந்தது. போனைப் பிடித்து நின்றவர் கணவர். "கை தானா கீழ இறங்குதும்மா, ஈர்ப்பு விசைய நாளைக்கு வச்சுக்கலாமே" என்று அவர் கெஞ்சாத நாளில்லை.

புதுக் கல்வியாண்டு தொடங்கியதும் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான் என்று நம்பிப் போனார் மகராசி. பாராட்டும் கிடைத்தது.

"உங்க வீடியோ எல்லாம் அருமை டீச்சர். எல்லா வகுப்புலயும் இன்னையிலருந்து அதையே போடுறோம். அதனால இயற்பியலுக்கு ஆள் தேவைப்படல."

"என் வீடியோவப் போட்டுட்டு என்னையே அனுப்புறீங்களா சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்ப வீடியோவக் குடுத்துடுங்க. எழுதினது நான், நடத்தினது நான். என் அடுப்பு, என் வீட்டுக்காரர் கை."

"சம்பளம் எங்களுதாச்சே! வேலையில இருந்தப்ப செஞ்சது பள்ளிக்கூடத்துக்குத்தான் சொந்தம். வேற எங்கயாவது நீங்க போட்டா, நாங்க கேஸ் போட வேண்டிவரும்."

நம் விரலை வைத்தே நம் கண்ணைக் குத்துவது என்பார்களே, அதுதான். டீச்சரோ நகத்தையும் கூர்தீட்டிக் கொடுத்திருக்கிறார். ஆய்வுக்கூடச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் நடந்தபோது ஒரு வகுப்பறையிலிருந்து அவர் குரலே கேட்டது. எட்டிப் பார்த்தார். உள்ளே திரையில் அவரேதான், அதே பச்சைச் சேலையில். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த நூலகர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அழுத்தம் கூடினா, தண்ணி கொதிக்க இன்னும் அதிகச் சூடு வேணும். புரிஞ்சுதா?"

கேட்டுவிட்டுத் திரை டீச்சர் காத்திருந்தார். கேள்வி கேட்டதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க நிறுத்துவது அவர் வழக்கம். அடுப்படியில் ஏது பிள்ளைகள்? பழக்க தோஷத்தில் நிறுத்தியிருந்தார்.

"புரியல மிஸ்," என்றது பாதி வகுப்பு.

"சபாஷ்! மேல போலாம்," என்றது திரை.

வெளியே நின்றவரை வேலை போனதுகூட இப்படி அடிக்கவில்லை. புரியாத பிள்ளையைத் தாண்டி ஒருநாளும் போனவரில்லை அவர். இனி தினமும் போவார். நிறுத்தச் சொல்ல அவருக்கே உரிமையில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி திரையைப் பார்த்துக் கத்தினாள்: "மிஸ், கொஞ்சம் நில்லுங்க!"

திரை நிற்கவில்லை. டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நூலகர் பேப்பரோடு எழுந்துவிட்டார். பிள்ளைகள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எந்த இடம் கண்ணு புரியல?" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. "பாத்தீங்களா, பேரச் சொன்னதும் ஆஜர்!" என்று சொல்லிச் சிரித்தார் திரையில் இருந்தவர். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.