எலாண்டுக்கு நான் சொன்ன அர்த்தங்கள்

அருங்காட்சியகத்தில் படம் விளக்கும் வேலையில் கால்வலி பழகிவிடும். "எனக்குத் தெரியாது" என்று சொல்வதுதான் கடைசிவரை பழகாது.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் அங்கே சொன்ன கதைகள் எல்லாமே கை மாறி வந்தவை. தென்னாப்பிரிக்க மலைக்குகைகளில் சான் என்னும் பழங்குடி மக்கள் என்றோ வரைந்த ஓவியங்கள் அவை. அந்த மக்களில் சிலர் அர்த்தத்தை யாரிடமோ சொல்லி, கேட்டவர்கள் எழுதி வைத்து, பேராசிரியர்கள் அதைப் படித்து வாதாடி, கடைசியில் நான்கு பக்க ஜெராக்ஸாக என் கையில் வந்து சேர்ந்தது.

நான் தாராபுரத்துப் பெண். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் மேல்படிப்புக்காக டெக்சஸ் போனேன். பல்கலைக்கழகத்தின் சின்ன அருங்காட்சியகத்தில், கேட்டலாக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மாணவி தேவைப்பட்டாள். கூடவே, அந்தக் குகை ஓவியங்களின் நகல்களை வைத்து நடந்த கண்காட்சியில் வருகிறவர்களுக்கு விளக்கவும் வேண்டும். வேலை இருந்தால் ஃபீஸ் கிடையாது. வேலை போனால் படிப்பு போகும், படிப்பு போனால் விசாவும் போகும். முதல் மாதம் ட்ரயல். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேலாளர் ரூத் பின்னால் நின்று கேட்டு முடிவு செய்வார்.

காங்கேயம் மாடு

முதல் சனிக்கிழமை ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. ஈரோட்டுக்காரர்கள். பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் புது வீடு. ஆன்ட்டி உள்ளே நுழைந்ததும் பெரிய படத்தின் முன்னால் நின்றுவிட்டார். "ஏங்க, இங்க வாங்க! நம்ம காங்கேயம் மாடு! திமிலப் பாருங்க, கழுத்துல தொங்கறதப் பாருங்க." நான் அதற்கு முந்தைய வாரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்ததும் அதேதான். தமிழ் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. உருகிப்போய், "ஆமா ஆன்ட்டி, மாடுதான்" என்று சொல்லிவிட்டேன்.

"மாட்டை எதுக்கும்மா பாறை பூரா வரைஞ்சாங்க? சாமி கும்பிடவா?" என்று அங்கிள் கேட்டார். நான் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய எட்டு வயது மகள் பிரியா படத்துக்குக் கீழே இருந்த அட்டையைப் படித்து முடித்திருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "அம்மா, இட் சேஸ் எலாண்ட். இட்ஸ் அன் ஆன்டிலோப். அக்கா இஸ் ஜஸ்ட் கெஸ்ஸிங்."

மூச்சு

அன்று அறைக்குப் போனதும் நான்கு பக்கத்தையும் பப்ளிக் எக்ஸாமுக்குப் படிப்பது போல உருப்போட்டேன். மாட்டளவு பெரிய மான் மாதிரியான எலாண்ட், சான் மக்களுக்கு வெறும் இறைச்சி இல்லை, சக்தி நிறைந்த பிராணி. பெண்கள் கைதட்டிப் பாட, வைத்தியர்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஆடும்போது வயிறு இழுத்துப் பிடித்து உடம்பு முன்னால் மடங்கும், மூக்கில் ரத்தம் வரும். அந்த நிலையில் அவர்கள் வேறொரு உலகத்துக்குப் போய், நோய்க்குத் தீர்வும் மழையும் கேட்டு வருவார்கள். பாறை என்பது அந்த உலகத்துக்கு முன்னால் தொங்கும் திரை மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு பார்வையாளர், ரிட்டயரான நர்ஸ். மொத்தத்தையும் நிறுத்தாமல் ஒப்பித்தேன். அவர் படத்தைப் பார்த்ததைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "ஹனி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ. படமும் எங்கயும் ஓடாது, நானும் ஓட மாட்டேன்."

தொப்பிக்காரர்

மூன்றாவது வாரம் நாலாம் வகுப்புக் குழந்தைகள் வந்தார்கள். என் நான்கு பக்கத்தில் இல்லாத ஒரு படம் அங்கே இருந்தது. எலாண்ட் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. அதன் பின்னங்கால்கள் ஒன்றன் குறுக்கே ஒன்று. அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன், அவனுடைய கால்களும் அதே மாதிரி. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், "இவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். "தெரியாது" நாக்கு நுனி வரை வந்தது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலாண்ட் ஆடுகிறது, அந்த மனிதனும் கூட ஆடுகிறான்" என்றேன். எல்லாப் பென்சிலும் அதை எழுதிக்கொண்டன.

அந்தச் சனிக்கிழமை உயரமான ஒருவர் வந்தார். அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டெக்சஸில் சில பண்ணைகளில் ஆப்பிரிக்க மிருகங்களை வளர்க்கிறார்கள். இவர் பண்ணையில் எலாண்டுகளே இருந்தன. நான் சிரித்த முகத்தோடு "ஆடுகிறது" என்றதும் அவர் சங்கடத்தோடு இல்லை என்று தலையசைத்தார். போன வருடம் ஒன்று சாகும்போது அவர் பக்கத்திலேயே இருந்தாராம். தலை தாழ்ந்துகொண்டே வந்ததாம், முடி சிலிர்த்ததாம், பின்னங்கால்கள் பின்னிக்கொண்டனவாம். "மேடம், இது ஆடலை. இது செத்துக்கிட்டிருக்கு. வரைஞ்சவர் பக்கத்துல இருந்து பார்த்திருக்கார்."

நாலாம் வகுப்பு

நூலகத்தில் தேடினேன். தொப்பிக்காரர் சொன்னதையேதான் ஆராய்ச்சியாளர்கள் பலரும் எழுதியிருந்தார்கள். சான் வைத்தியருக்கு அந்த ஆட்டத்தின் உச்சம் ஒருவகைச் சாவு. உடம்பு நடுங்கும், கால் பின்னும், விழுவார். அதனால்தான் சாகிற எலாண்டின் கால்களையே அந்த மனிதனுக்கும் வரைந்திருக்கிறார்கள். படிக்கும்போது, எங்கள் ஊர்க் கோயில் நோம்பியில் அருள் வந்து ஆடுகிறவர் மயங்கிச் சாய்வது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல நான் யார்? ஆனால் எனக்குப் புரிய அது உதவியது.

வெள்ளிக்கிழமை ட்ரயல் முடிவு. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நானும் அந்தக் குழந்தைகள் மாதிரி எழுதிக்கொண்டவள்தான். டீச்சர் சொன்னது தப்பு என்று சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. அவர் சொன்னதுதான் எனக்குப் புத்தகம். திங்கட்கிழமை ரூத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே பெட்டி கட்டுவது மாதிரி இருந்தது. அவர் திட்டவில்லை. ஸ்கூலுக்கு போன் போட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை இங்கே இல்லை, அந்த வகுப்பில் பேசு. நான் பின்னால் உட்காருகிறேன்" என்றார்.

குழந்தைகள் முன்னால் நின்று, "போன தடவை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். எலாண்ட் சாவதையும், வைத்தியர் ஆடி ஆடிச் சாவு மாதிரி ஒரு நிலைக்குப் போவதையும், இது ஆராய்ச்சியாளர்களின் கருத்து என்பதையும் சொன்னேன். இரட்டைப் பின்னல் பெண் தன் நோட்டைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். "அந்த ஆள் நிஜமாவே ஆடறார்தானே மிஸ்? அப்ப நான் பாதியை அழிச்சா போதும்."

காரில்

திரும்பும்போது ரூத்தான் கார் ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஊருக்குப் போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சிக்னலில் அவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷமும் நீதான். ஆனா ஒண்ணு, இனிமே 'ஒருவேளை'ங்கிற வார்த்தையை வீட்டுல விட்டுட்டு வராதே."

இன்று நான் சம்பாதிக்கும் எல்லாமே அந்தப் படிப்பில் வந்தது. அந்தப் படிப்பு தங்கியது அந்த நர்ஸாலும், தொப்பிக்காரராலும், ரூத்தாலும், ஒரு ரப்பராலும். யாருக்கும் சரியாக நன்றி சொன்னதாக நினைவில்லை.

ஆன்ட்டி மட்டும் முதல் நாளே போன் நம்பர் எழுதித் தந்திருந்தார். சில மாதம் கழித்து ஒரு விலங்கியல் புத்தகத்தில் ஒன்றைப் படித்து, இன்னொரு புத்தகத்திலும் சரிபார்த்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். எலாண்டை ஆன்டிலோப் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மற்ற பல ஆன்டிலோப்களைவிட அதற்கு மாடுதான் நெருங்கிய உறவு. "நான்தான் அன்னைக்கே சொன்னனே! ஞாயித்துக்கிழமை சாப்பிட வா கண்ணு, அங்கிள் வந்து பிக்கப் பண்ணிக்குவாரு."

ஆக, அந்த வேலையில் நான் யோசிக்காமல் உளறிய இரண்டுமே பாதி சரியாகிவிட்டன. கவனமாகப் படித்துச் சொன்னவற்றைத்தான் இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.