அக்கா அனுப்பிவைத்த பெண்

அமெரிக்காவில், ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் எங்கள் பள்ளிவாசலில், ஒரு நோன்பு மாதத்தில்தான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். இஃப்தாருக்கு நான் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோயிருந்தேன். ஒல்லியான ஓர் ஆப்பிரிக்கப் பெண் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்கத் தயங்கி நின்றாள். ஊற்றிக் கொடுத்ததும் "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். அவர்கள் நாட்டிலும் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

மலாவியிலிருந்து வந்தவள். ஆப்பிரிக்கப் பெண்கள் பொறியியல் படிப்பதற்காக ஓர் அறக்கட்டளை தரும் உதவித்தொகையில் ஹூஸ்டனில் படித்துக்கொண்டிருந்தாள். மருத்துவக் கருவிகளைச் சீராக்கிப் பராமரிக்கும் படிப்பு. அவளிடம் கார் இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் நானே போய் வீட்டுக்குக் கூட்டிவருவேன். சோள மாவில் அவர்கள் ஊர்ச் சாப்பாடு செய்து தருவாள். "அட, இது நம்ம களி மாதிரியே இருக்கே!" என்று என் கணவர் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வார்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஏன் இந்தப் படிப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவுல மெஷினா அடுக்கி வச்சிருப்பாங்க ஆன்ட்டி. எங்கெங்கேயோ இருந்து யாராவது அனுப்பினது. கெட்டுப்போனா சரிபண்ண ஆள் கிடையாது. சின்ன வயசுல அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு விளையாடியிருக்கேன்."

தாய் தகப்பன் இல்லை. அக்காதான் வளர்த்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஏரிக்கரை பஸ் நிலையத்தில் மீன் பொரித்து விற்றுத் தங்கையைப் படிக்கவைத்தவள். உதவித்தொகை கிடைத்துக் கிளம்பிய அன்று அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். பஸ் புறப்பட்ட பிறகு, ஜன்னல் பக்கமாக ஓடிவந்து, "நான் அழுதா நீ இறங்கிருவே, அதான்" என்றாளாம்.

அந்த அக்காவோடு நானும் பேசியிருக்கிறேன். அடுப்படியில் போனை என் கையில் கொடுத்துவிடுவாள். அக்கா அவள் மொழியில் ஏதோ சொல்வாள். நான் தமிழில், "நல்லா சாப்பிடறா, நீங்க கவலைப்படாதீங்க" என்பேன். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். அப்படியே தங்கையின் சிரிப்பு.

மூன்றாம் வருடத்தில் அக்கா கர்ப்பமானாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த முதல் குழந்தை. சின்னம்மா ஆகப்போகிறவள், அந்த மாதங்களில் வீட்டுக்குள் நுழையும்போதே அதைப் பேசிக்கொண்டுதான் வருவாள்.

ஒரு சனிக்கிழமை காலை என் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர் போன் செய்தார். பேசப்பேசக் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. விடிவதற்குள் மவுத். அங்கே அப்போது மாலை; அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அது என்னவென்று என்னிடம் சொன்னாள்.

"அடக்கத்துக்கு முன்னாடி அக்காவை யார் குளிப்பாட்டினாங்கன்னு கேட்டேன் ஆன்ட்டி. அவருக்குத் தெரியல."

அவளை விடுதிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. என் மகளின் அறையில் தங்கவைத்தேன். மகள் தரையில் படுக்கை விரித்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டோடு போய் மகளிடம், "ஏதாவது சாப்ட்டாளாம்மா?" என்றேன். "நோ மா. ஷி ஜஸ்ட் வான்ட்ஸ் மீ டு சிட் ஹியர்" என்றாள்.

ஊருக்கே போய்விடுகிறேன் என்று அவள் பெட்டி கட்டினாள். போனால் திரும்பி வர விசா கிடைக்குமா என்று கல்லூரியில் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. "போகணும்னா போகட்டும். டிக்கெட் நான் புக் பண்றேன். நீ ஸ்டாப் பண்ணாதே" என்றார் என் கணவர்.

அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னாள்: "நான் படிக்கிற படிப்பு அவளுக்கு எதுக்குமே உதவியிருக்காது. அங்க எந்த மெஷினும் கெட்டுப்போகல. ஏத்தறதுக்கு ரத்தம் இல்ல, அவ்வளவுதான்."

அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவின் கணவரே போனில் அவளைத் தடுத்துவிட்டார். குழந்தை என் தாயிடம் இருக்கிறது, நீ வந்தால் இங்கே அழுவதற்கு இன்னும் ஓர் ஆள்தான் கூடும், முடித்துவிட்டு வா என்றார். அவள் வகுப்புக்குத் திரும்பினாள். சனிக்கிழமைகளில் வந்தாள், சமைத்தாள். சிரிப்பது மட்டும் நின்றுபோயிற்று.

பட்டமளிப்பு விழாவில் குடும்பத்தாருக்கான நாற்காலிகளில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். உதவித்தொகையில் படித்த பெண்களை ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். மற்றவர்களின் அம்மாக்கள் சிலர் அவ்வளவு தூரம் கடந்து வந்திருந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, அங்கியைக் கழற்றிக்கூட வைக்காமல், என் தோளில் முகம் புதைத்தாள். அப்போதுதான் அழுதாள். என் புடவைத் தோள் நனையும் வரை அழுதாள். சுற்றியிருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்த அறக்கட்டளையே அவள் ஊர் மாவட்ட ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பணிக்கு ஏற்பாடு செய்தது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்தாள். அக்கா வீட்டு வாசலில் நின்று சலாம் சொன்னாளாம். கொல்லையில் வலை பின்னிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாராம்.

"எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல் ஆன்ட்டி. என்னைப் பார்த்ததும் நின்னுட்டார். அப்படியே திரும்பி உள்ள போயிட்டார். ரொம்ப நேரம் வெளிய வரல. அந்த வீட்டுல இப்பல்லாம் நான் சத்தமா பேசறதே இல்ல."

குழந்தை அவளிடம் வர மறுத்து வீறிட்டதையும் சொன்னாள். பழகப் பல மாதம் ஆனதாம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பிரிவில் அவளுக்கு முன்பு ஒரு பெண்கூட வேலை பார்த்ததில்லை. இப்போது இரண்டு பெண்கள் அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். வராந்தாவில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் வார்டுகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பொறுப்பு கிடைத்த அன்று என்னைக் கூப்பிட்டாள். நான் மளிகைச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "மாஷா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

"எல்லாரும் வாழ்த்து சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும், ஓடிப்போய் யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு. அங்க யாரும் இல்ல. அதான் உங்களுக்குப் போட்டேன் ஆன்ட்டி."

காரின் பின்கதவு திறந்தபடி இருந்தது. வெயில் கொளுத்தியது. "சொல்லும்மா. காலைல வேலைக்குப் போனதுலேருந்து ஒண்ணுவிடாம சொல்லு" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.