தங்கச்சி வீட்டுச் சோறும் மூன்று மிருகக்காட்சி சாலைகளும்

குளிர் தொடங்கியதும் எங்கள் எதிர்வீட்டு அம்மா தன் ரோஜாச் செடிகளுக்குச் சாக்கு கட்டிவிடுவார். உச்சி முதல் அடி வரை சுற்றி, இடுப்பில் கயிறு போட்டு, காற்றில் அவிழாதபடி முடிச்சும் போடுவார். அதே வாரத்தில் அவருடைய நாய்க்கும் மேல்சட்டை வந்துவிடும். ஜெர்மனியில் சில குளிர்காலங்கள் கழிந்துவிட்டதால் இதெல்லாம் என் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. மூணாறிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, ஜன்னலோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த என் மச்சான் சுடலைமுத்து நிதானமாகக் கேட்டார். "என்ன மாப்ள, செடியெல்லாம் இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போவுதோ?" தேயிலைத் தூர் குத்தாமலிருக்க இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு மலையேறும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். அதற்கப்புறம் அந்தச் செடிகளை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. வேலைக்குப் போகும்போதெல்லாம் அவை கங்காணிக்குக் காத்து நிற்பதாகவே தோன்றுகிறது.

மச்சான் என் மனைவி செல்வியின் அண்ணன். செல்வி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்குச் சொந்த ஊர் கோயமுத்தூருக்கு மேற்கே உள்ள சித்தூர். நெல்லும் தென்னையும் கள்ளும் உள்ள சமவெளி. செல்விக்கு மூணாறு எஸ்டேட். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்கவைத்து, நகை போட்டு, என் தலையில் கட்டியது மச்சான்தான். அவருக்கு மனைவி போய்ப் பல வருடமாகிறது, பிள்ளை இல்லை. தேயிலை ஃபேக்டரியிலேயே மீசை நரைத்து, போன வருடம் ரிட்டயர் ஆனார். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனால் வேலையோடு வீடும் போகும். லைன் வீடு கம்பெனியுடையது. கோடைக்குள் காலி செய்து சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும்.

சித்தூரில் என் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் அங்கே போய் இருக்கட்டும் என்பது செல்வியின் முடிவு, ஆகவே என்னுடைய முடிவும். அந்தப் பேச்சை எடுத்தாலே மச்சான் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். போடியில் ஒரு பழைய கூட்டாளியோடு ஒற்றை அறை பார்த்துவைத்திருக்கிறாராம். இரண்டு கிழவர்கள், ஒரு ஸ்டவ், தினமும் உப்புமா. காரணம் அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். தங்கச்சி புருஷன் வீட்டில் அண்ணன்காரன் போய்க் குடியிருப்பது எங்கள் ஆட்களிடம் சின்ன விஷயம் கிடையாது. அண்ணன் வீட்டிலிருந்து சீர்த்தட்டு வரும். அண்ணனே தட்டை ஏந்திக்கொண்டு வரக்கூடாது. கிறிஸ்துமஸ் லீவில் ஊர் ஊராகக் கூட்டிப்போய், மனதை இளக்கி, எப்படியாவது சரி என்று சொல்லவைப்பது எங்கள் திட்டம். மியூசியத்தில் நின்றபடியே தூங்கினார். கோட்டையைப் பார்த்து, "இத யாரு பெருக்குவா?" என்றார். மிருகங்களுக்கு மட்டும்தான் விழித்திருந்தார். அதனால் ஒரு வருட அட்டை, 'யாரெஸ்கார்ட்டெ' என்பார்கள், அதை வாங்கிக்கொண்டு சுற்றுவட்டார மிருகக்காட்சி சாலைகளுக்குக் கிளம்பினோம்.

குளிர்காலத்து மிருகக்காட்சி சாலை ஒரு வேடிக்கை. பாதிக் கூண்டுகளில் ஆளிருக்காது. உள்ளே இருக்கிறோம், வெளியே வரமாட்டோம் என்று போர்டு தொங்கும். காசு கொடுத்து உள்ளே போன மனிதர்கள் பனியில் விறைத்து நிற்க, ஒட்டகச்சிவிங்கி ஹீட்டர் போட்ட அறையில் கண்ணாடி வழியாக நம்மைப் பார்க்கும். முதலில் போன இடத்தில் யானைக்கென்று ஒரு பெரிய மண்டபம். உள்ளே சித்திரை மாதம். ஜெர்மன்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பிவரை முட்டிக்கொண்டு நின்றார்கள். மச்சானைக் காணோம். திரும்பினால், கதவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்காத குறையாக நிற்கிறார். விடிகாலை ஷிப்டுக்குப் பனிமூட்டத்தில் நடந்துபோய்ப் பழகியவருக்கு யானையைப் பார்த்தால் அடுத்துத் தேட வேண்டியது ஓடும் வழி. பச்சைச் சட்டை போட்ட பராமரிப்பாளர் ஒருவரிடம், வெளியே போக இன்னொரு வழி உண்டா என்று கைச்சாடையில் அவசரமாகக் கேட்டார். அவரோ மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரிவோடு கக்கூசைக் காட்டினார். மச்சான் நகராததைக் கண்டு இன்னொரு முறை வந்து, தோளைத் தட்டி, மறுபடியும் காட்டினார்.

"வயித்துல போக்குன்னு நெனச்சிட்டான் பாவி" என்றார் மச்சான். "ஆன நிக்கித எடத்துல அது வேற தனியா வேணுமாக்கும்."

கொஞ்சம் தைரியம் வந்ததும் சுவரில் இருந்த விவரப்பலகையை வாசித்துச் சொல்லச் சொன்னார். பெயர், பிறந்த வருடம், எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை மணிக்குத் தீனி, எப்போது டாக்டர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "லைன் நம்பர் மட்டுந்தான் போடல. மிச்சமெல்லாம் நம்ம எஸ்டேட்டு ஆபீஸ் ரிஜிஸ்டரு மாதிரியே இருக்கு." பிறகு, "வயசாயிருச்சுன்னா இவள எங்க அனுப்புவாக?" என்று கேட்டார். நான் பச்சைச் சட்டைக்காரரிடம் கேட்டேன். எங்கும் அனுப்பமாட்டோம், கடைசிவரை இங்கேதான் என்றார். மச்சான் யானையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "நல்ல கம்பெனி" என்றார்.

இதுதான் நேரம் என்று செல்வி நினைத்தாள். காரில் ஏறியதும், "அண்ணே, சித்தூர்ல வீடு..." என்று ஆரம்பித்தாள். "இங்க நாலு மணிக்கே இருட்டிருது, பாத்தியா" என்றார் மச்சான்.

இரண்டாவது இடத்தில்தான் வம்பு வந்தது. அங்கே ஒவ்வொரு கூண்டிலும் விவரப்பலகையின் கீழே இன்னொரு சின்னப் பித்தளைத் தகடு. இந்நாட்டு வழக்கம் அது. ஊரில் வசதியுள்ள ஒருவர் ஒரு மிருகத்தின் தீனிச் செலவை வருடாவருடம் ஏற்றுக்கொள்வார். அவர் பெயரைக் கூண்டில் எழுதிவைப்பார்கள். கோவிலில் டியூப் லைட்டில் உபயம் எழுதுகிற நமக்கு இது ஆச்சரியமான விஷயமே கிடையாது. மச்சானுக்கும் பிடித்துப்போய், இந்தக் குரங்குக்கு யார் சோறு, அந்த ஆந்தைக்கு யார் சோறு என்று கேட்டுக்கொண்டே வந்தார். கழுதைப் பட்டியில் ஒரு வயதான அம்மா கேரட் நீட்டிக்கொண்டிருந்தார். தகட்டில் இருப்பது தன் பெயர்தான் என்று பெருமையாகக் காட்டினார்.

"அவுக சோத்தத்தான் திங்கோம்னு அதுக்குத் தெரியுமான்னு கேளுங்க மாப்ள."

கேட்டேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அதெல்லாம் தெரியாது, போன வசந்தத்தில் என் கையைக் கடித்துவிட்டது என்று கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன்.

"சொரணையுள்ள கழுத" என்றார் மச்சான்.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்க, உங்கள் கழுதை மிக அழகு என்கிறார் என்றேன். அவர் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கல் முடிவதற்குள் மச்சான் செல்வியின் பக்கம் திரும்பிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் வானிலையைப் பற்றிச் சொல்லவில்லை. "உங்க திட்டம் எனக்குத் தெரியாதாக்கும். சித்தூர்ல கேட்டுக்கு உள்ள என்னைய ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, வெளிய ஒரு தகடு அடிக்கணும். சுடலைமுத்து, மூணாறு, சோறு உபயம் தங்கச்சி குடும்பம். போறவன் வாறவன் நின்னு பாத்துட்டுப் போவான்."

"நீ எனக்குப் போட்ட சோத்துக்கு எங்கண்ணே தகடு இருக்கு?" என்றாள் செல்வி.

"நான் அண்ணன்டீ. அது கணக்குலயே வராது."

"அப்ப இது மட்டும் ஏன் வருது?"

மச்சான் காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். திரும்பும் வழியெல்லாம் கார் கண்ணாடியைத் துடைக்கும் பிளேடு மட்டும் பேசிக்கொண்டு வந்தது. நான் நடுவில், ஏனுங்க மச்சான், பசிக்குதுங்களா என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தேன். ரெண்டு பேருமே எனக்குப் பசிக்கல என்றார்கள், ஒரே குரலில். அந்த விஷயத்தில் மட்டும் அண்ணனும் தங்கையும் ஒற்றுமை.

மூன்றாவது இடத்துக்குப் போகாமலே இருந்திருப்போம். அட்டைக்குக் காசு கொடுத்தாயிற்றே என்று நான்தான் இழுத்துப்போனேன். சிங்கம் புலி வாங்க வக்கில்லாத ஒரு சின்ன ஊர். மான், ஆடு, வாத்து, பனியில் கால் மாற்றி மாற்றி நிற்கிற இரண்டு மயில். கடைசியில் ஒரு பட்டியில் காட்டுப்பன்றிகள். பட்டிக்கு எதிரிலேயே பன்றி சாஸேஜ் சுடுகிற வண்டி. குடும்பம் குடும்பமாக நின்று ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைத் தின்றார்கள். மயிலும் காட்டுப்பன்றியும். எங்கள் சித்தூரில் எந்த இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசவேண்டுமென்றால் இந்த இரண்டையும் திட்டினால் போதும். விதைத்ததை மயில் பொறுக்கும், விளைந்ததைப் பன்றி தோண்டும். இங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். அந்தக் கொழுப்பில், ஊரில் என் வயலைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுப் பனியில் புரளும் பன்றியைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏனுங் தம்பி, அந்த ஊருப் பன்னியக் காட்டிச் சிரிக்கறீங்க. உங்க ஊட்டுக் கொல்லையில நடக்கறத நானும் காட்டறனுங்க, பாருங்க." கேமரா திரும்பியது. வாழைத்தூரெல்லாம் மல்லாந்து கிடந்தன. சேனைக்கிழங்கு போட்ட இடம் குளம் வெட்டியதுபோல இருந்தது. "வெறகு அடுக்கற ஓலச் சாளையில குட்டி போட்டுருச்சுங்க. பஞ்சாயத்துல அபேட்ச எழுதிக் குடுத்தாச்சு. வர்றேன்னாங்க, ஒருத்தரும் வரலீங்க. ஆளில்லாத ஊடுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

போன் என் கையில் இல்லை. மச்சான் வாங்கியிருந்தார்.

"வேலி என்னத்துல போட்டிருக்கீக?"

"முள்ளுக் கம்பிங்க. நீங்க யாருங்க?"

"செல்விக்கு அண்ணன். முள்ளுக் கம்பியா? பன்னிக்கு முதுகு சொறிய நல்லாயிருக்கும். எங்க மலைல, ஆனைக்கரை ஏலத்தோட்டத்துல பூராப் பழைய சேலதான் கட்டுவாக. கலரு கலரா, நெருக்கமா. காத்துல ஆடிக்கிட்டே இருக்கணும். குட்டி போட்டத இப்பம் வெரட்டாதீக, ஆளக் கிழிச்சிரும். குட்டி நடக்கட்டும். வாய்க்கா எந்தப் பக்கம்?"

"மேக்கால போகுதுங்க."

"அங்ஙனகூடித்தான் வருது."

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவருடையது திருநெல்வேலியிலிருந்து மலையேறிய தமிழ், இன்னொருவருடையது கோயமுத்தூருக்குப் பக்கத்துத் தமிழ். பன்றி விஷயத்தில் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எனக்குக் கை விறைத்துவிட்டது. சாஸேஜ் வண்டிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் நண்பருக்குப் பன்றி மிகவும் பிடிக்கும்போல என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

போனை வைத்ததும் மச்சான் செல்வியிடம், இரண்டு நாளில் முதல் முறையாக, நேராகப் பேசினார். "ஒம் பழைய சேலையெல்லாம் எங்க கெடக்கு?"

"சித்தூர்ல, அலமாரில."

"அலமாரிச் சாவி?"

"எங்கிட்டத்தான் இருக்கு." செல்வி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா அலமாரி வீட்டுக்குள்ள இருக்குண்ணே. வீட்டுச் சாவி இல்லாம எப்படி எடுப்ப?"

மச்சான் பன்றிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் பனி உருகி உதட்டில் இறங்கியது. "அப்பம் அதையும் சேத்துக் குடு. பன்னி போறவரைக்குந்தான் இருப்பேன், சொல்லிட்டேன். கல்யாணச் சேலைய மட்டும் தனியா எடுத்து வச்சுருதேன்."

நான் வாய் திறக்கப்போனேன். செல்வி பூட்ஸ் காலால் என் காலை மிதித்தாள்.

மூன்று மாதமாகிறது. மச்சான் லைன் வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, ஜீப்பில் கட்டிலும் ஸ்டவ்வும் ஏற்றிக்கொண்டு சித்தூர் இறங்கினார். வேலி முழுக்க என் மனைவியின் கடந்த காலம் ஊதாவும் மஞ்சளுமாகப் படபடப்பதை வீடியோவில் பார்த்தோம். பன்றிகள் இன்னும் முழுசாகப் போகவில்லையாம். மேற்கே வாய்க்கால் பக்கம் ஓர் ஆள் நுழையுமளவு இடம் சேலை கட்டாமல் கிடப்பதாகப் பழனிச்சாமி அண்ணன் சொல்கிறார். சொன்னா நாளைக்குக் கட்டறன்னு சொல்லறாருங்க, அந்த நாளைக்கு மட்டும் வரமாட்டீங்குதுங்க என்றார். நாங்களும் மச்சானை வற்புறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானே கூப்பிட்டார். பின்னால் சட்டியில் தாளிக்கிற சத்தம். ஓணத்துக்கு வருவதாகச் செல்வி சொல்லியிருந்தாள். "மாப்ள, எத்தன நாள் லீவு?" என்றார். மூன்று வாரம் என்றேன். "மூணு வாரமா, நல்லதுதான். வாறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிருங்க. ரூம ஒழிச்சு வைக்கணும். உங்களுக்கு எந்த ரூமு வசதிப்படும்?"

நான் பிறந்த அறையைச் சொல்ல வாயெடுத்தேன். அதில் அவர் கட்டில் கிடப்பது திரையில் தெரிந்தது. எதுவானாலும் பரவாயில்லீங்க மச்சான் என்றேன், யார் வீட்டுக்குப் போனாலும் சொல்வதுபோல.