பக்கத்து இருக்கையில் பயம்

நெஞ்சுவலிக்கு எடுத்த ஸ்கேன் முடிவை வாங்க, திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனேன். மனசுக்குள் என் கருமாதி விருந்தே முடிந்து, பாயசம் சரியில்லை என்ற பேச்சும் வந்துவிட்டது. பக்கத்தில் குங்குமப்பொட்டு வைத்த ஓர் அம்மா, யார் நின்றாலும் நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டே வந்தார். தந்திர யோகம் சொல்லிக்கொடுப்பவராம். எலுமிச்சம்பழமும் மண்டையோடும் கண்ணுக்குள் வர, “பில்லி சூனியமா?” என்று பையை இறுக்கிப் பிடித்தேன்.

“அது மாந்திரீகம், சார்!” என்று சிரித்தவர், என் ஸ்கேன் கதையையும் கேட்டார். “எங்க வழியில எதையும் ஒதுக்கமாட்டோம். பயமும் உங்க சக்திதான். விரட்டாம, மூச்சு விட்டுக்கிட்டே அது எங்க இருக்குன்னு பாருங்க.”

“தொண்டையில ஏறி உட்கார்ந்திருக்குங்க.”

“அதுக்கும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க.”

நீடாமங்கலம் தாண்டியபோது, பயம் சாதுவாக என்னோடு சேர்ந்து நடவு வயலை வேடிக்கை பார்த்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் கொஞ்சம் நகர்ந்துதான் உட்கார்ந்தேன்.